இரைப்பையில் ஒரு வளையம்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை இளைஞரொருவர் எமது வீட்டிற்கு வந்தார். மெல்பேண் நகரின் தென்கிழக்கே, டண்டினோங் பகுதியிலுள்ள குளிர்க்களஞ்சியமொன்றில் நாம் இரவுவேலை செய்த காலத்தில் எம்முடன் வேலை செய்தவர். நாம் ஊரிலே பத்தாண்டுகள் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தவர் என்பதை எப்படியோ அறிந்து, பெட்டி அடுக்கும் இடத்திலும் 'மாஸ்டர்' என்னும் பட்டத்தை எமக்கு நிலைநாட்டியவர் அவர்தாம். தேநீர் அருந்தி முடியும்வரை ஊர்க்கதை பேசினார். பின்னர் உள்ளே எமது துணைவியாருக்குக் கேளாதவாறு குரலைத் தாழ்த்தி, "மாஸ்டர், நீங்கள் அந்த வயித்து ஒப்பரேசன் செய்தனீங்கள் எல்லே? எவ்வளவு முடிஞ்சது? சுப்பர்க் காசிலை செய்யலாம் எண்டு சொல்லுறாங்கள், உண்மையோ?" என்று கேட்டார்.

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து நீலமட்டைக் கொப்பியொன்றை எடுத்து அவர்முன் வைத்தோம். அது 2012ஆம் ஆண்டுக்குரியது. முதற்பக்கத்திலே 'செலவு மதிப்பீடு' என்று தலைப்பிட்டு, கீழே இரட்டைக்கோடும் வரைந்திருந்தோம். ஆசிரியத்தொழில் கைவிட்டுப் போனபோதும் இரட்டைக்கோடு போடும் பழக்கம் எம்மைவிட்டுப் போகவில்லை. இளைஞர் அடியிலிருந்த மொத்தத்தை மட்டும் பார்த்தார். "பதினையாயிரத்து ஐந்நூறோ?" என்றார். அத்தொகை பிழையானது என்று நாம் கூறவே திகைத்தார். கூட்டலில் பிழையில்லை. பிழை எங்கிருந்தது என்பதை அவருக்கு விளக்கி முடிப்பதற்கு இரவு பத்துமணியாயிற்று. அன்று கூறியவற்றையே சற்று ஒழுங்குபடுத்தி இங்கு எழுதுகின்றோம்.

அக்காலத்தில் எமது நிறை 116 கிலோ. உயரம் 168 சென்ரிமீற்றர். நீரிழிவு தொடங்கிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. இத்துணை நிறை எமக்கு எங்ஙனம் வந்தது என்று பலர் கேட்டதுண்டு. உணவில் நாக்கட்டுப்பாடு இல்லாமையே காரணம் என்பது ஊராரின் தீர்ப்பு. நெடுங்காலம் அதுவே எமது தீர்ப்புமாக இருந்தது. ஆயின் இரவு பத்துமணிக்குத் தொடங்கி விடியற்காலை ஆறுமணிக்கு முடியும் வேலையில், இடைவேளை இருபது நிமிடம் என்றால், அந்நேரத்திற் கிடைப்பது யாது? காசு போட்டால் பொரித்த கிழங்குப் பொதியும் சோடாவும் தள்ளிவிடும் பெட்டியொன்று சுவரோரத்தில் நின்றது. சமைத்த உணவு விற்கும் கடை அப்பகுதியில் அந்நேரம் ஒன்றேனும் திறந்திருக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோகும் சோற்றையும் உடல் உறங்கவேண்டிய வேளையிலேதான் உண்ணவேண்டும். காலை ஏழுமணிக்குப் பாணும் முட்டையும் உண்டுவிட்டுப் படுக்கைக்குப் போவோம். 2006இல் எம்மைப் பாரந்தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அதனைப் பதவி உயர்வென்று கருதி மகிழ்ந்தோம். நடையும் அன்றோடு நின்றது.

தெற்காசியரின் உடல் சற்றுப் பருத்தாலே நீரிழிவுக்கு இடங்கொடுப்பது. 2004ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்குழு, ஆசிய மக்களுக்கு நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்று கூறியிருந்தது. எமது சுட்டெண் 41. இதனை வகுத்துப் பார்க்கக் கணித ஆசிரியருக்குக் கல்குலேற்றர் தேவையில்லை. ஆனால் வகுத்துப் பார்க்க விரும்பாதிருந்தோம் என்பதே உண்மை.

எம்மை அசைத்தது சுட்டெண் அன்று. எமக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் இருந்தது. பகலிற் படுத்தாலும் உறக்கம் உறக்கமாக இராது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் ஓரிரவு மூன்று மணியளவில், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கையிலேயே கண் மூடிவிட்டது. வண்டியின் இரும்புக்கரங்கள் அடுக்குத்தட்டின் தூணில் மோதின. அத்தூணின் மறுபக்கத்தில், ஒரு பாகத்திற்கும் குறைந்த தூரத்தில், கணவனையிழந்த வியட்நாமியப் பெண்ணொருத்தி குனிந்து பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து எம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டு மீண்டும் குனிந்துகொண்டாள். அச்சிரிப்பை எண்ணி நாம் பல பகல்கள் உறங்கவில்லை. குடும்ப வைத்தியரிடம் சென்றது அதற்குப் பிறகுதான்.

அவரே வளையத்தைப் பற்றி முதலிற் கூறினார். இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி சிலிக்கோன் வளையமொன்றை மாட்டுவார்கள். வளையத்தின் உட்புறத்தில் ஊதத்தக்க ஒரு பை உண்டு. அதிலிருந்து மெல்லிய குழாயொன்று வந்து, வயிற்றுத் தோலின் கீழே தசையில் தைக்கப்பட்ட சிறு குமிழில் முடியும். அக்குமிழினூடாக ஊசியால் உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும், இழுத்தெடுத்தால் தளரும். வளையத்திற்கு மேலே உருவாகும் சிறு பை சில கவளங்களிலேயே நிறைந்துவிட, பசி அடங்கும். இரைப்பை வெட்டப்படுவதில்லை, வேண்டாமெனில் வளையத்தைக் கழற்றிவிடலாம். துளைவழி முறையில் இதனை முதன்முதற் செய்தவர், எத்தியோப்பியாவில் ஆடுமேய்க்கும் சிறுவனாக வாழ்க்கையைத் தொடங்கிப் பெல்ஜியத்தில் சத்திரவைத்தியரான மிற்றிக்கு பெலாச்சூ என்பவர், ஆண்டு 1993. பஞ்சத்திற்குப் பெயர்பெற்ற ஒரு நாட்டின் மைந்தர் பசியைக் கட்டும் கருவியைப் பொருத்தினார் என்பதை அன்று ஒரு வேடிக்கையாக மட்டுமே எண்ணினோம்.

மெல்பேண் நகரமோ இவ்வளைய ஆராய்ச்சியின் தலைநகரங்களில் ஒன்று. 2008ஆம் ஆண்டில் இங்குள்ள ஆராய்ச்சியாளர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நீரிழிவுள்ள 60 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வளையமும் மற்றவர்க்கு வழமையான சிகிச்சையும் அளித்து இரண்டாண்டுகள் நோக்கினார்கள். வளையம் பெற்றோரில் நூற்றுக்கு 73 பேருக்கு நீரிழிவு தணிந்தது; மற்றப் பிரிவில் 13 பேருக்கு மாத்திரமே. இவ்விரு எண்களையும் கொப்பியின் இரண்டாம் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்தோம். அவ்வாய்விற் சேர்க்கப்பட்டோர் அனைவருக்கும் நீரிழிவு கண்டு இரண்டாண்டுகளே ஆகியிருந்தன என்ற செய்தியும் அங்கேயே இருந்தது. பத்தாண்டு நோயாளியாகிய நாம் அவ்வரியை வாசித்தோம், ஆயின் கொப்பியில் எழுதவில்லை. மாணாக்கர் தமக்கு வேண்டிய விடை வரும்வரை தரவுகளைத் தெரிவுசெய்வதைக் கண்டித்துப் பத்தாண்டுகள் பிரம்பெடுத்தவர் நாம்.

இனிச் செலவு. கட்டணமில்லா ஆஸ்பத்திரியிற் பிறந்து, கட்டணமில்லா ஆஸ்பத்திரியில் அம்மை முதல் மலேரியா வரை கண்டு வளர்ந்தவர்க்கு, வைத்தியர் விலை கூறும் காட்சி எளிதிற் பழகுவதன்று. அவுஸ்திரேலியாவிலும் மெடிகெயர் என்னும் பொது வைத்தியத் திட்டம் உண்டு. அரச வைத்தியசாலையிற் பணம் கேட்பதில்லை. எனவே முதலில் அக்கதவையே தட்டினோம். ஐந்து மாதங்களின் பின் கடிதம் வந்தது. முதற் சந்திப்புக்கு உரியோர் பட்டியலில் எமது பெயர் சேர்க்கப்பட்டிருந்தது. சத்திரசிகிச்சைக்குரிய பட்டியல் வேறு. அதில் ஏறுவதற்குக் காத்திருப்போரின் பட்டியல் இது. ஆண்டுகள் செல்லும் என்று குடும்ப வைத்தியர் ஒளிக்காமற் கூறினார்.

தனியார் காப்புறுதி இரண்டாவது கதவு. எம்மிடம் இருந்த மலிவான காப்புறுதியில் உடற்பருமன் சிகிச்சை விலக்கப்பட்டிருந்தது. உயர்ந்த வகைக்கு மாறினாலும் ஏலவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாதங்கள் பொறுக்கவேண்டும். (2019 முதல் காப்புறுதிகள் பொன், வெள்ளி, வெண்கலம் என வகுக்கப்பட்டபோது இச்சிகிச்சை பொன் வகைக்கே கட்டாயமாக்கப்பட்டது. பொன்னுக்கும் எமக்கும் உள்ள தூரம் ஊரிலும் இவ்வாறே இருந்தது.) துணைவியார் முதலிற் பொறுப்போம் என்றார். பின்பு ஓரிரவு நாம் வேலைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று, "ஒரு வருசம் பொறுத்தால் கையாலை போறது குறையும். அந்த ஒரு வருசத்துக்குள்ளை நீங்கள் ஆரையேன் இடிச்சுப்போட்டால்?" என்றார். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

எஞ்சியது சுப்பர். எமது ஊழியர் சேமலாப நிதி போன்றது அது. முதலாளி சம்பளத்தின் மேல் அந்நாளில் நூற்றுக்கு 9 வீதம் செலுத்த, ஓய்வுபெறும் வயதுவரை எவரும் தொடமுடியாது கிடக்கும் பணம். எனினும் 'கருணை அடிப்படை' என்றொரு பிரிவின்கீழ், உயிராபத்தான நோய்க்கோ நாட்பட்ட வலிக்கோ சிகிச்சைபெற அதிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். இரு வைத்தியர்கள் சான்றளிக்கவேண்டும். அவர்களில் ஒருவர் விசேட நிபுணராதல் வேண்டும். நோய் இன்னது என்பதோடு அவர்கள் மற்றொன்றையும் உறுதிப்படுத்தவேண்டும். இச்சிகிச்சை அரச வைத்தியத்துறையில் எளிதிற் கிடைக்கவில்லை என்பதே அது.

இந்த வாசகத்தை வாசகர்கள் ஒருகணம் நின்று நோக்கவேண்டுகின்றோம். தன்னிடம் இச்சிகிச்சை இல்லையென்று எழுத்தில் வரும் சான்றை அரசே கேட்கின்றது. பெற்றுக்கொண்டு, 'ஆம், ஆகவே உன் முதுமைக்குரிய உணவை இப்போதே எடுத்துச் செலவிடு' என்று அனுமதி வழங்குகின்றது. வெட்கமும் இல்லை, விவாதமும் இல்லை. படிவத்தில் ஒரு சதுரக்கட்டம், அதில் ஒரு புள்ளடி. இப்படிவத்தை நிரப்பித் தருவதற்கென்றே கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் தோன்றியுள்ளன. நாம் எழுதப்படிக்கத் தெரிந்தவர் ஆகையால் அச்செலவு மிஞ்சிற்று. அடுத்த வீதியில் வாழும் தொழிலாளி ஒருவருக்கு அதுவும் மிஞ்சவில்லை.

வைத்தியர்குழாமின் கட்டணம் 6,000 டொலர்; வைத்தியசாலைக்கும் வளையத்திற்கும் 9,500. மெடிகெயர் திருப்பித் தந்தது ஆயிரத்துச் சொச்சம். சுப்பரிலிருந்து எடுக்கும் பணத்திற்கு வரியும் உண்டு என்பதை முதல் மதிப்பீட்டில் நாம் சேர்க்கவில்லை. கையில் 15,500 டொலர் கிடைப்பதற்கு ஏறத்தாழ 19,750 டொலரை எடுக்க நேர்ந்தது. எமது சேமிப்பில் அது பாதியளவு. ஏழாண்டு இரவுகள் என்று துணைவியார் கணக்கிட்டார். அவர் கணக்கில் எம்மைவிடக் கெட்டிக்காரர்.

2012 ஆகஸ்டில் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கு முன் இரண்டு கிழமைகள் தூள்களைக் கரைத்துக் குடித்து இருந்தோம். இரைப்பையின் மேல் ஈரலின் இடப்பகுதி கவிந்திருப்பதால், அது கொழுத்திருந்தால் வைத்தியரின் கருவிக்கு வழிவிடாது. பட்டினியால் ஈரல் சுருங்கும். அந்த இரண்டு கிழமைகளும் வேலைக்குப் போனோம். இனிப்புத்தூள் கரைசலைப் போத்தலில் எடுத்துச்சென்று கழிவறையில் வைத்து அருந்தினோம். ஏன் ஒளித்தோம்? வியாதிக்காரரை வேலைப் பட்டியலிலிருந்து ஓசையின்றிக் கழித்துவிடுவார்கள் என்ற அச்சமே. நாம் ஏஜென்சி ஒன்றின்வழி அமய ஊழியராக இருந்தோம். நிரந்தர ஊழியர்க்கு ஆண்டொன்றுக்குப் பத்துநாட் சம்பளத்துடன் சுகவீன லீவு சட்டப்படி உண்டு. அமய ஊழியர்க்கு மணிக்கூலியில் ஒரு மேலதிகம் கொடுத்து, லீவு என்னும் சொல்லை நீக்கிவிடுவர்.

மயக்கம் தெளிந்தபோது வயிற்றில் ஐந்து சிறு காயங்கள் இருந்தன. வலியோ இடது தோளில் இருந்தது. வெட்டிய இடத்தை விட்டுத் தோள் ஏன் நோகின்றது என்று தாதியைக் கேட்டோம். வயிற்றை உப்பச்செய்வதற்கு ஏற்றிய காபனீரொட்சைட்டு வாயுவின் எச்சம் பிரிமென்றகட்டை உறுத்தும். அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுதலால், மூளை அவ்வலியைத் தோளில் வைத்து உணரும். எட்டாம் வகுப்பில் பிரிமென்றகட்டைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கின்றோம். அது நோகும் என்பது அன்றுதான் தெரிந்தது. நடந்தால் தணியும் என்றார்கள். அவ்விரவு மருந்தூசிக் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தோம். மறுநாள் வீட்டிற்கு அனுப்பிவிட்டார்கள்.

முதல் இரண்டு கிழமைகள் நீராகாரம். அடுத்த இரண்டு கிழமைகள் மசித்த உணவு. பின்பு மெதுவான உணவு. ஏறக்குறைய ஆறாம் கிழமையிலேதான் கட்டியான உணவு. ஆகார நிபுணர் தந்த தாளில் தயிர், உருளைக்கிழங்கு மசியல், அரைத்த இறைச்சி என்பன இருந்தன. எமது சமையலறைக்குரிய ஒரு பண்டமேனும் அதில் இல்லை. துணைவியார் அத்தாளைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டிவிட்டு, அதைப் பாராமலே சமைத்தார். முருங்கைக்காய்ச் சொதியை வடித்துத் தெளிவை மட்டும் தந்தார். பருப்பைக் கடைந்து துணியிற் பிழிந்தார். மூன்றாம் கிழமையில் மீனை அவித்து முள்ளகற்றி விரலால் நசித்துத் தந்தார். எம் பிள்ளைகளுக்கு முதற்சோறு ஊட்டிய அதே கிண்ணத்தில் அதே கரண்டியால் நாம் உண்டோம். இளையவள் அதைக் கண்டு சிரித்தாள். பின்பு சிரித்ததற்காக அழுதாள்.

சோறுதான் பெருந்துன்பம். வெள்ளைச் சோறு உருண்டையாகத் திரண்டு வளையத்தின் வாயில் அடைத்துக்கொள்ளும். பாண் அதனிலும் கொடிது. மென்றால் மாவாகிப் பிசினாகும். பிட்டை நாம் இரண்டாண்டுகள் கையாலும் தொடவில்லை. ஒரு கவளத்தை இருபது முறை மெல்லவேண்டும். உண்ணும்போது நீர் அருந்தலாகாது. சற்று விரைந்தால் நெஞ்செலும்பின் பின்னே கல்லொன்று இறங்கி நிற்கும். வாயில் உமிழ்நீர் பெருகும். எழுந்து ஓடவேண்டும். கலியாண வீட்டுப் பந்தியில் இருமுறை இது நிகழ்ந்தது. அதன்பின் பந்திக்குப் போவதை நிறுத்திக்கொண்டோம். எம்மவரிடையே ஒருவர் மெலிந்தால் கேட்கும் கேள்வி ஒன்றே: "என்ன, சுகமில்லையோ?" உண்மையைச் சொன்னாலோ, "காசு குடுத்துப் பட்டினி கிடக்கிறியளோ?" என்பார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை என்பதாலேயே அது சுட்டது.

வைத்தியநிலையத்தார் தந்த துண்டுப்பிரசுரத்தில், 'பெரும்பாலோர் ஒரு கிழமையில் வேலைக்குத் திரும்புவர்' என்றிருந்தது. நாம் கொப்பியில் அதனையே நம்பிச் சம்பளமில்லாத ஒரு கிழமை என்று எழுதினோம். அந்தப் பெரும்பாலோர் யாவர்? மேசைக்குமுன் அமர்ந்து வேலை செய்வோர். பாரம் தூக்குவோர்க்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் வேண்டும் என்பது, காயம் பார்க்கச் சென்றபோது தாதி வாய்ச்சொல்லாகக் கூறித்தான் எமக்குத் தெரிந்தது. தசையில் தைத்த குமிழ் ஊன்றிப்பிடிக்க அத்தனை நாட்கள் செல்லும். எமது வேலையோ வண்டியோட்டம் மட்டுமன்று. மணிக்கொரு தடவையாவது இறங்கிச் சரிந்த பெட்டிகளைத் தூக்கி அடுக்கவேண்டும். வீட்டுக் கடனின் மாதத்தவணை நான்காம் கிழமைக்குப் பொறுக்காது. மூன்று கிழமைகள் முடிய வேலைக்குப் போனோம். மசித்த பருப்பைப் போத்தலில் கொண்டு போனோம். முதலிரவே குமிழிருந்த இடத்தில் நூலொன்று இழுபடுவது போலிருந்தது. வயிற்றைக் கையாற் பொத்திக்கொண்டு தூக்கினோம்.

அவ்விரவு இடைவேளையில், முன்னர் கூறிய வியட்நாமியப் பெண் எம்மிடம் வந்து ஒன்றும் கேளாமல், எமது வரிசைப் பெட்டிகளைத் தன் வரிசைக்கு இழுத்துக்கொண்டாள். ஒரு மாதம்வரை அவ்வாறு செய்தாள். எமக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலச் சொற்கள் ஐம்பதுக்கு மேலிரா. அவளிடம் உதவி கேட்கவேண்டும் என்று எமக்கும் தோன்றவில்லை. எமது கொப்பியிலும் அவளுக்கு ஒரு நிரல் இல்லை.

நிற்க. வளையத்தால் பயன் இல்லை என்று நாம் கூறுவதாக எவரும் கருதலாகாது. இரண்டாண்டுகளில் 27 கிலோ குறைந்தது. உறக்கத்தில் மூச்சு நிற்பது நின்றது. வண்டியில் கண்மூடவில்லை, அதற்காகவே செய்தோம், அது கிடைத்தது. நீரிழிவு மாத்திரைகள் பாதியாயின, முற்றாக விடவில்லை. முழங்கால் வலி குறைந்து படியேறினோம். ஆனால் அந்த 27 கிலோவும் ஒருநாள் சத்திரசிகிச்சையால் இறங்கியவை அல்ல. முதலாண்டில் ஐந்து தடவை உப்புநீர் ஏற்றச் சென்றோம். நிலையம் நகரின் மறுகோடியில். திறப்பது கிழமை நாட்களில், பகலில். இரவுவேலை முடித்து உறங்காமல் இரண்டு ரயில் மாறிப் போவோம். ஒருமுறை அதிகமாக இறுக்கிவிட, நீரும் இறங்காமல் மறுநாளே திரும்பச் சென்று தளர்த்தினோம். ஒவ்வொரு பயணத்திற்கும் கட்டணத்தின் மீதியும் ஓரிரவுச் சம்பளமும் போயின. நாளாந்த விற்றமின், நசுக்கிக் குடிக்கும் மருந்து, இடுப்பில் நில்லாத காற்சட்டைகள் யாவற்றையும் கொப்பியின் பின்பக்கங்களில் பிற்காலத்தில் எழுதத் தொடங்கினோம். சில மாதங்களில் கைவிட்டோம்.

2018 ஆடி மாதத்தில், நள்ளிரவில் புளித்த நீர் தொண்டைக்கு ஏறி மூச்சுத்திணறி விழித்தோம். அடுத்த நாட்களில் சொதியும் இறங்கவில்லை. எமக்குச் சத்திரசிகிச்சை செய்த நிலையத்திற்குத் தொலைபேசினால், அங்கு வளைய வேலை குறைந்துவிட்டதென்றும், அவசரமாயின் அரச வைத்தியசாலைக்குச் செல்லுமாறும் கூறினர். உண்மையில் அதற்குள் வளையத்தின் காலம் இந்நாட்டில் மாறிவிட்டிருந்தது. வளையம் வழுகுதல், இரைப்பைச் சுவரை அரித்தல், குழாய் கசிதல் என்று பலருக்கு மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படவே, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியகற்றும் முறை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஆறுமணி நேரம் இருந்தோம். படம் பிடித்துப் பார்த்தார்கள். வளையம் வழுகிச் சரிந்திருந்தது. குமிழுக்குரிய விசேட ஊசியை வேறு வாட்டிலிருந்து தேடியெடுத்து வந்த இளம் வைத்தியர், தோலைத் தடவிக் குமிழைக் கண்டு, உப்புநீர் முழுவதையும் இழுத்தெடுத்தார். பின்னர் கிண்ணத்தில் நீர் தந்து குடிக்கச் சொன்னார். ஒரு மிடறு நீர் தடையின்றி இறங்கியது. ஆறாண்டுகளின் பின் அவ்வாறு நீர் குடித்தோம். மூன்றாம் நாள் அங்கேயே வளையத்தைக் கழற்றினார்கள். நான்கு நாட்கள் வைத்திருந்தார்கள். வெளியேறும்போது கணக்குப் பகுதி எங்கே என்று கேட்டோம். தாதி விளங்காமல் எம்மைப் பார்த்தாள்.

'எளிதிற் கிடைக்கவில்லை' என்று இரு வைத்தியர் கையொப்பமிட்ட அதே வைத்தியத்துறை இது. மாட்டுவதற்கு அங்கு இடமிருக்கவில்லை. மாட்டியது கெட்டபோது இடமிருந்தது. மாட்டியவர் இலாபத்தை எடுத்துக்கொண்டார். கழற்றும் செலவைப் பொதுமக்கள் தாங்கினர். 2014–15ஆம் ஆண்டில் இந்நாட்டில் நிகழ்ந்த உடற்பருமன் சத்திரசிகிச்சைகளில் எட்டில் ஏழு பங்கு தனியார் வைத்தியசாலைகளிலேயே நடந்தவை என்று அரசின் சுகாதாரப் புள்ளிவிபர நிறுவனமே கூறியுள்ளது. உடற்பருமன் மிகுந்திருப்பதோ வறிய பகுதிகளில் என்பதையும் அந்நிறுவனமே கூறுகின்றது. இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்திலேதான் எம்போன்றோர் சுப்பர்ப் படிவத்துடன் நிற்கின்றோம்.

அதன்பின் 14 கிலோ திரும்பிவந்தது. வெட்டியகற்றும் முறைக்கு மாறலாம் என்று தனியார் நிபுணர் ஒருவர் கூறினார். வளையம் இருந்த இடத்தில் தழும்பு இறுகியிருப்பதால் இருகட்டமாகச் செய்யவேண்டும் என்றும், இருகட்டத்திற்கும் கட்டணம் இன்னது என்றும் சொன்னார். சுப்பரில் எஞ்சியதை எண்ணிப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். முதியோர் ஓய்வூதியம் இந்நாட்டில் 67 வயதிலேதான். இரவுவேலையை அறுபதில் விடுவது என்று 2012க்கு முன்னர் ஒரு திட்டம் இருந்தது. இப்போது கிழமைக்கு மூன்று பகல்கள் பாடசாலைப் பேருந்தொன்றில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளராக இருக்கின்றோம். வேலை பிடித்திருக்கின்றது. ஏழாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகள் அங்கும் உளர்.

இவை யாவற்றையும் கேட்டபின் இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. அவர் கருதியிருப்பது வெட்டியகற்றும் முறை. எடை குறைக்கும் ஊசிமருந்தைப் பற்றியும் கேட்டார். அதில் எமக்கு அனுபவமில்லை. செய், செய்யாதே என்று கூற நாம் வைத்தியரல்லேம். அவருக்கும் நீரிழிவு, அவருக்கும் இரவுவேலை. கொப்பியில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து அவர் கையிற் பேனையைக் கொடுத்தோம். வைத்தியர் கட்டணம், வைத்தியசாலை, வரி என்று எழுதினார். 'சம்பளமில்லாத கிழமைகள்' என்று எழுதி எதிரே 1 என்று போட்டார். துண்டுப்பிரசுரம் இன்றும் மாறவில்லைப் போலும். பேனையை வாங்கி 6 என்று திருத்தினோம்.

"ஆறு கிழமையோ மாஸ்டர்? லோன் ஆர் கட்டுறது?"

அதற்குக் கீழே 'பின்பு' என்று தலைப்பிட்டு ஐந்து வரிகளை வெறுமையாக விடச்சொன்னோம். யூனியன் கட்டணத்தை இன்னும் செலுத்துகிறாரோ என்று கேட்டோம். ஏஜென்சிக்காரர் விரும்பமாட்டார்கள் என்று ஈராண்டுக்கு முன் விட்டுவிட்டாராம். குடும்ப வைத்தியரிடம் அரச வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் வாங்கிவிட்டாரோ என்று கேட்டோம். அதிலே இழுபடும் என்று எல்லோரும் சொன்னதால் கேட்கவில்லையாம். நாளைக்கே கேளும், பட்டியலில் பெயர் கிடக்கட்டும், கேளாதவர் எவர் பெயரையும் எவரும் எண்ணமாட்டார் என்றோம்.

துணைவியார் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டிருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இளைஞர் இரண்டு இடியப்பத்தோடு கையை எடுத்துவிட்டார். போகும்போது, மனைவிக்குக் காட்டவேண்டும் என்று கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.